கடைக்குப் பெயர் சூட்டுமுன்...

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வருவோர் முட்டுக்காட்டுப் பாலத்தை நெருங்கியதும் வண்டியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக் கொள்வர். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி, நடுவே காற்று. கோவளத்தில் அடங்கியுள்ள ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களை ஜியாரத் செய்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் பிள்ளைகளின் பிடிவாதத்திற்காகப் படகுத் துறையில் சிறிது நேரம் நிற்பது வழக்கம். அன்பு வாசகர்களே, அடுத்த முறை நீங்கள் அவ்வழியே வரும்போது கழியைப் பார்த்தது போக எஞ்சிய நேரத்தில் சாலையோரப் பெயர்ப்பலகைகளையும் பாருங்கள். மக்கா, மதீனா, ஜம்ஜம், பிஸ்மில்லா, தாஜ், ஸ்டார் என்ற பெயர்களை நம்மவர் கடைகளில் எத்தனை முறை படிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சாலையில் மட்டுமன்று, ஆம்பூரிலும் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் இதே கணக்குத்தான் வரும்.

இக்கட்டுரை எழுதக் காரணமாக இருந்தவர் இந்தப் பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர். கடற்கரை விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். அவருடைய தாயார் இறால் ஊறுகாயும் கருவாட்டுத் தொக்கும் செய்வதில் கைதேர்ந்தவர். தாயும் மகனும் சேர்ந்து அதையே தொழிலாக்கத் துணிந்தனர். இருந்த நகையில் ஒரு பகுதி அடகுக்குப் போயிற்று. கண்ணாடிப் புட்டிகள் வந்தன. உணவுப் பாதுகாப்பு உரிமம் வந்தது. அழகான ஒரு பெயரைத் தேர்ந்து, ஐயாயிரம் லேபிள்களும் அச்சடித்தாயிற்று. முதல் புட்டியை எனக்குக் கொண்டுவந்து தந்தபோது, "இந்தப் பெயரை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாயா தம்பி?" என்று கேட்டேன்.

"இந்த ஏரியாவில் யாருமே இல்லை மாமா. நன்றாக விசாரித்துவிட்டேன்" என்றார்.

அன்றிரவே வணிகக்குறிப் பதிவகத்தின் கணினிப் பக்கத்தில் இருவரும் தேடினோம். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. எழுத்தில் ஓரிரண்டு மாறினாலும் ஓசையில் அதே பெயர், பதனிட்ட மீன் பொருள்களுக்காகவே, அண்டை மாநில நிறுவனம் ஒன்றின் பேரில் பதிவாகிக் கிடந்தது. அந்தப் பையனின் முகம் வாடிய விதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஐயாயிரம் லேபிள்களும் வீண். ஆனால் ஐந்து ஆண்டுகள் விற்று, ஊரெல்லாம் பெயர் பரவிய பின்பு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்குமானால்? லேபிளோடு போயிருக்காது.

உரிமம் வேறு, பெயருரிமை வேறு

நம்மில் பலர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறோம். சரக்கு சேவை வரி எண் வாங்கியாயிற்று, உணவு உரிமம் வாங்கியாயிற்று, பஞ்சாயத்தில் தொழில் வரியும் கட்டியாயிற்று, ஆகவே பெயர் நம்முடையது என்று கருதுகிறோம். இவற்றுள் எதுவும் பெயரின் மீது உங்களுக்கு உரிமை தராது. தனியார் நிறுவனமாகவே பதிவு செய்துகொண்டாலும் அது நிறுவனத்தின் பெயர்தான். புட்டியின் மேல் ஒட்டும் பெயருக்குரிய பாதுகாப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேறிடம் 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம். 1958-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2003 செப்டம்பர் 15 முதல் இது நடைமுறைக்கு வந்தது. தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முட்டுக்காட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் இன்று அங்கே போக வேண்டிய தேவையும் இல்லை. தேடுவதும் விண்ணப்பிப்பதும் வீட்டிலிருந்தே முடியும். தேடுவதற்குக் கட்டணமும் கிடையாது.

எப்படித் தேடுவது? இங்கேதான் கவனம் வேண்டும். நாம் எழுதும் எழுத்துக் கூட்டலை அப்படியே தட்டிப் பார்த்து, 'ஒன்றும் இல்லை' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'ஸ' என்பதற்கு ஓர் எழுத்து, 'ஷ' என்பதற்கு இரண்டெழுத்து, 'ஜ' என்பதற்குச் சிலர் 'இஸட்', சிலர் 'ஜே'. ஒலியை வைத்துத் தேடும் வசதி அப்பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் பயன்படுத்த வேண்டும். பெயரின் முற்பாதியை மட்டும் தட்டியும், பிற்பாதியை மட்டும் தட்டியும் பார்க்க வேண்டும். படமோ சின்னமோ வைப்பதாக இருந்தால் அதற்குத் தனித் தேடல் உண்டு. பதிவகத்தில் இல்லாத பெயரும் சந்தையில் இருக்கலாமாதலால், கடைத்தெருவிலும் இணைய அங்காடிகளிலும் ஒரு சுற்றுப் பார்ப்பது நலம்.

கண்ணைக் காட்டிலும் காதை நம்புங்கள் என்பேன். நீதிமன்றங்களும் ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கின்றன. 'குளுக்கோவிடா' என்ற பெயரில் குளுக்கோஸ் மாவு விற்றவர்களுக்கும், 'குளுவிடா' என்று பிஸ்கட்டுக்குப் பெயர் வைக்க முயன்றவர்களுக்கும் நடந்த வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது சரியன்று; முன்பு எப்போதோ கேட்ட பெயரை அரைகுறையாக நினைவில் வைத்துக் கொண்டு கடைக்கு வரும் சாதாரண மனிதர் குழம்புவாரா என்பதே கேள்வி. குளுக்கோஸும் பிஸ்கட்டும் வெவ்வேறு பொருள்களாயிற்றே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. குளுக்கோஸ் சேர்த்துச் செய்த பிஸ்கட் அதே நிறுவனத்திலிருந்து வந்தது என்று மக்கள் எண்ணக்கூடும் அல்லவா? 'அம்ருததாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரு மருந்துகளைப் பற்றிய வழக்கிலும் இதே அளவுகோல்தான்.

இருட்டுக்கடை சொல்லும் செய்தி

திருநெல்வேலி அல்வாவைச் சுவைக்காத வாசகர் அரிது. நெல்லையப்பர் கோயிலின் எதிரே, மாலையில் மட்டும் திறந்து, சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடும் அந்தச் சிறிய கடைக்குத் தொடக்கத்தில் பெயர்ப்பலகையே கிடையாது. விளக்கு மங்கலாக எரிந்ததால் மக்களே 'இருட்டுக்கடை' என்று அழைத்தனர். உரிமையாளர் வைத்த பெயரன்று, வாங்குவோர் வைத்த பெயர். 1900-ஆம் ஆண்டு முதல் தம் குடும்பம் அவ்வணிகத்தை நடத்தி வருவதாகவும், 'இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரைப் பதிவு செய்திருப்பதாகவும் உரிமையாளர் நீதிமன்றத்தில் கூறினார். எதிர்த்தரப்பில் நின்றவர் நம்மவர் ஒருவர். 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் விற்றவர். அவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. தம் பெயருக்குத் தாமும் பதிவு பெற்றிருந்தார். பதிவு பெற்ற ஒருவர் மீது பதிவு பெற்ற இன்னொருவர் வழக்குத் தொடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் படித்தால் அது சரி போலவே தோன்றும்.

உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிட்டாமல் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் மாதம் அங்கேயும் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமைக்குச் சட்டம் தரும் ஒரு சான்று; முதலில் பயன்படுத்தி, மக்களிடம் நற்பெயர் ஈட்டியவருடைய உரிமை அதற்கும் மேற்பட்டது; ஒருவருடைய நற்பெயரின் பேரில் தம் சரக்கை மற்றவர் விற்பதைத் தடுக்கும் உரிமை பதிவைச் சார்ந்து நிற்பதன்று என்று நீதிபதிகள் கூறினர். 'எஸ். சையது மொகிதீன் எதிர் பி. சுலோசனா பாய்' என்ற தலைப்பில் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்று இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

தோற்றவர் நம் சமுதாயத்தவர் என்பதால் இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிறர் ஈட்டிய பெயரும் ஓர் அளவைதானே! பிரபலமான கடையின் பெயருக்கு முன்னால் 'நியூ' என்றோ 'ஒரிஜினல்' என்றோ, ஊர்ப் பெயரையோ சேர்த்துக் கொண்டால் போதும் என்ற பழக்கம் பிரியாணிக் கடைகளில் எவ்வளவு மலிந்துவிட்டது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இத்தீர்ப்பு நம் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதலையும் தருகிறது. பாட்டனார் காலத்திலிருந்து ஒரே பெயரில் வணிகம் செய்துவரும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பதிவு செய்யாத ஒரே காரணத்தால் அந்தப் பெயர் பறிபோய்விடாது. ஆனால் 'நாங்கள்தான் முதலில்' என்பதைக் காட்ட வேண்டுமே! எனவே பழைய பில் புத்தகங்களைத் தூக்கி எறியாதீர்கள். கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு செய்து கொடுத்த ரசீது, மீலாது மலரில் கொடுத்த விளம்பரம், பழைய பை, பழைய டப்பா எல்லாம் சாட்சிகளே. விண்ணப்பத்தில் 'இன்ன ஆண்டு முதல் பயன்படுத்தி வருகிறோம்' என்று எழுதினால் அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

எந்தப் பெயர் நிலைக்கும்?

பொருளை அப்படியே வருணிக்கும் பெயர் எளிதில் பதிவாகாது. 'சுவையான இறால் ஊறுகாய்' என்பதை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் ஊறுகாயை என்னவென்று சொல்லி விற்பது? 'முட்டுக்காடு இறால்' என்று வைத்தாலும் அதே இடர்ப்பாடுதான். ஊர்ப் பெயர் ஊருக்கெல்லாம் சொந்தம். ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு என்ற தனிச் சட்டம் உண்டு. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் அக்குறியீடு கிடைத்தது. அது தனி ஒருவரின் உடைமையன்று. அவ்வூரில் அந்த முறைப்படி உளி பிடிப்போர் அனைவருக்கும் உரியது.

மக்கள் நாவில் பொதுச் சொல்லாகிவிட்ட பெயரும் கையை விட்டுப் போய்விடும். 'ஆஸ்பிரின்' ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தது. மருந்து வாங்கும் பொதுமக்களைப் பொறுத்தவரை அது பொதுச் சொல்லாகிவிட்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1921-இல் தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? சிக்கன் 65 என்பது தங்கள் அண்ணா சாலைக் கடையில் 1965-இல் பிறந்தது என்று சென்னை புஹாரி ஓட்டலார் கூறுவர். இன்று அப்பெயரில் பொரிக்காத தள்ளுவண்டி உண்டா?

தொடக்கத்தில் எண்ணிப் பார்க்கச் சொன்ன பெயர்களுக்கு வருவோம். புனித நகரங்களின் பெயர்களையும் திருநாமங்களையும் கடைக்குச் சூட்டுவதில் பரக்கத்தை நாடும் நல்லெண்ணமே இருக்கிறது; அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவை பலமற்ற பெயர்கள். நூறு பேர் வைத்திருக்கும் பெயரில் உங்கள் உரிமை நூற்றில் ஒரு பங்குகூட இராது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளைப் பதியலாகாது என்ற விதியும் உண்டு. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தமக்கே உரியதாக்கக் கேட்டவரின் வழக்கில், 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், திருக்குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாஹிப், ராமாயணம் போன்ற புனித நூல்களின் பெயரை எவரும் தம் சரக்கின் வணிகக்குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, பிரியாணிப் பொட்டலத்தில் அச்சான திருநாமம் மறுநாள் காலையில் எந்தக் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது என்பதை நாம் அனைவரும் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம்.

செலவும் காலமும்

தனி நபரோ சிறு தொழில் நடத்துபவரோ கணினி வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. வகுப்பு என்பது என்ன? பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பதனிட்ட மீனும் இறாலும் 29-ஆம் வகுப்பு, மசாலாப் பொடியும் அல்வாவும் 30, உணவகம் 43. மூன்றிலும் வேண்டுமென்றால் 13,500 ரூபாய். தொடக்கத்திலேயே எல்லாவற்றுக்கும் ஆசைப்பட வேண்டாம். எதை விற்கிறீர்களோ அதற்குக் கேளுங்கள். பதிந்துவிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மற்றவர் மனுச் செய்து அதை நீக்கிவிடவும் இடமுண்டு. பெயர் தமிழெழுத்திலோ அரபெழுத்திலோ இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும்.

அலுவலர் ஆராய்ந்து ஆட்சேபம் எழுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு விண்ணப்பத்தையே இழந்தவர்கள் பலர். ஏற்றுக்கொள்ளப்பட்டதும் பெயர் வணிகக்குறி இதழில் வெளிவரும். நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையானால் பதிவு. அது விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொண்டே போகலாம். விண்ணப்ப நிலையில் 'டிஎம்' என்ற இரண்டெழுத்தைப் பெயரருகே போட்டுக் கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பின்புதான்; அதற்கு முன் போடுவதைச் சட்டம் தடுக்கிறது.

முன்பயன்பாடே பெரிதென்றால் பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். பதிவிருந்தால் வழக்கில் உங்கள் உரிமையை நிறுவும் சுமை வெகுவாகக் குறையும். இன்னொன்று: பதிவான குறியை ஒருவர் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு மீறினாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலுள்ள நீதிமன்றத்திலேயே வழக்கிட முடியும். செங்கற்பட்டில் முடியக்கூடிய காரியத்திற்காகத் தொலைவிலுள்ள ஊருக்கு வாய்தா வாய்தாவாக அலைய நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது?

இணையப் பெயரையும் மறக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் 'சிஃபி' என்ற பெயருக்காக நடத்திய வழக்கில், இணைய முகவரிப் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சரக்கு அனுப்புவோர் அறிய வேண்டியது, இந்தியப் பதிவு இந்தியாவோடு நின்றுவிடும் என்பது. 2013-இல் இந்தியா மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்தது முதல், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கேட்கலாம். மலேசியா 2019-இலும் ஐக்கிய அரபு அமீரகம் 2021-இலும் அதில் இணைந்துள்ளன.

யார் பேரில்?

குடும்பப் பத்திரிகையில் எழுதுவதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அண்ணன் தம்பிகள் நால்வர் உழைத்து வளர்த்த பெயரை மூத்தவர் தம் பேரில் மட்டும் பதிந்து கொள்வதும், அத்தாவின் மௌத்துக்குப் பின் ஆளுக்கொரு கடை திறந்து ஒரே பெயருக்காகக் கோர்ட்டில் நிற்பதும் நாம் காணாத காட்சிகளல்ல. வணிகக்குறி சட்டப்படி ஒரு சொத்து. விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், வாரிசுகளுக்கும் அது சேரும். வீட்டையும் தோட்டத்தையும் பாகம் பிரிக்கும் ஜமாஅத் பெரியவர்கள் கடையின் பெயரை மட்டும் பட்டியலில் எழுத மறந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் மற்ற எல்லாவற்றையும் விட அதற்குத்தான் மதிப்பு அதிகம். சமைப்பது மனைவி, பதிவது கணவர் பேரில் என்ற வழக்கமும் மறுபரிசீலனைக்கு உரியதே. கூட்டாக இருவர் பேரிலும் விண்ணப்பிக்கச் சட்டத்தில் தடையில்லை.

நம் முட்டுக்காட்டு இளைஞர் அதைத்தான் செய்தார். தாயார் பேரையும் தம் பேரையும் சேர்த்து விண்ணப்பிக்க முடிவு செய்தார். பெயருக்கு எங்கெங்கோ தேடியலைந்து கடைசியில் வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தார். தாயாரின் தாயாரைக் கோவளத்தில் ஒரு பட்டப்பெயரால்தான் எல்லாரும் அழைப்பார்களாம். அந்தக் கைப்பக்குவமும் அவருடையதுதான். எப்படித் திருப்பித் திருப்பித் தேடியும் அந்தப் பெயர் பதிவகத்தில் இல்லை. ஆனால் புதியதொரு சிக்கல். உயிரோடிருப்பவர் அல்லது இறந்து இருபதாண்டு ஆகாதவர் ஒருவரோடு தொடர்பு இருப்பதாகத் தோன்றும் பெயரை வைத்தால், அவருடைய அல்லது அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளின் இசைவுக் கடிதத்தைப் பதிவாளர் கேட்கலாம். பாட்டி மறைந்து ஒன்பதாண்டுதான் ஆகிறது.

மூத்த மாமா உடனே கையெழுத்திட்டார். துபாயிலிருக்கும் சின்ன மாமா, "எங்க உம்மா பேரு. எனக்கு அதில் என்ன பங்கு?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தாயாருக்கும் மகனுக்கும் இன்னும் விளங்கவில்லை. இசைவுக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, ஊருக்கு வந்து திரும்பும் ஒருவர் கையில் இரண்டு புட்டி இறால் ஊறுகாயோடு அனுப்பி வைத்திருக்கிறார்கள். பழைய லேபிள்களின் பின்புறத்தில் தாயார் அன்றாட இறால் கணக்கு எழுதி வருகிறார்.